வாசலில் முடிவாகும் ஆட்டம்: சதுரங்க உலகக் கோப்பையும் கீழ்பென்னாத்தூர் குறுவட்டமும்

சதுரங்க உலகக் கோப்பைக்காக 2023இல் அஜர்பைஜானின் பாகு நகரத்தில் 206 பேர் கூடினார்கள். நான்கு வாரத்துக்குள் அவர்களில் 205 பேர் யாரிடமாவது தோற்றாக வேண்டும். நாக் அவுட்டின் கணக்கு அவ்வளவுதான். தரவரிசையில் முன்னால் நிற்கும் 50 பேருக்கு முதல் சுற்று கிடையாது. மற்ற 156 பேர் மோதி, வென்ற 78 பேர் அந்த ஐம்பதோடு சேர்ந்ததும் 128 ஆகிறது. பிறகு 64, 32 என்று பாதி பாதியாகக் கரையும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு கிளாசிகல் ஆட்டங்கள். சமநிலை என்றால் மூன்றாம் நாள் ரேபிட். அதிலும் தீராவிட்டால் பிளிட்ஸ். அதற்குப் பிறகும் இழுத்தால் ஒருவர் வெல்லும் வரை ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்து ஒற்றை ஆட்டங்கள்.

அந்தக் கடைசிக் கட்டம் எப்படியிருக்கும் என்பதைக் காலிறுதியில் இந்தியர்களான பிரக்ஞானந்தாவும் அர்ஜுன் எரிகைசியும் காட்டினார்கள். மொத்தம் ஒன்பது ஆட்டங்கள். 4–4 என்று நின்ற கணக்கை ஒற்றை பிளிட்ஸ் ஆட்டம் 5–4 ஆக்கியது. இருவரும் நண்பர்கள், ஒருவருக்கு, உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி மிக அருகில் வந்துவிட்டது, இன்னொருவருக்கு ஊர் திரும்ப விமானச் சீட்டு. தரவரிசையில் 31ஆம் இடத்தில் தொடங்கிய பிரக்ஞானந்தா அதற்கு முன்பே 2ஆம் இடத்து நகமுராவை வெளியேற்றியிருந்தார்; அரையிறுதியில் 3ஆம் இடத்து கருவானாவையும் டைபிரேக்கில் சாய்த்தார். இறுதியில் முதலிடத்து கார்ல்சனிடம்தான், அதுவும் இரண்டு கிளாசிகல் டிராக்களுக்குப் பிறகு ரேபிட்டில்தான் தோற்றார்.

இப்படிப்பட்ட போட்டியை லாட்டரிச் சீட்டு என்று சொல்பவர்கள் சதுரங்க உலகத்தில் எப்போதும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. எந்த எதிராளியையும் 80 விழுக்காடு வாய்ப்போடு வெல்லக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்று போக மிச்சமுள்ள ஏழு சுற்றுகளையும் அவர் தாண்டும் வாய்ப்பு 21 விழுக்காடுதான். 70 விழுக்காட்டுக்காரருக்கு அது எட்டாகச் சுருங்கிவிடும். 2025இல் கோவாவில் நடந்த உலகக் கோப்பையில் முதல் மூன்று தரவரிசை இடங்களும் இந்தியர்களுக்கு. உலகச் சாம்பியன் குகேஷ் மூன்றாம் சுற்றில் பிரெடரிக் ஸ்வானேயிடம் விழுந்தார். பிரக்ஞானந்தா நான்காம் சுற்றில் டுபோவிடமும் அர்ஜுன் காலிறுதியில் வெய் யியிடமும் வெளியேறினார்கள். விஸ்வநாதன் ஆனந்தின் பெயர் தாங்கிய கோப்பையை 19 வயது உஸ்பெக் இளைஞர் சிந்தாரோவ் எடுத்துப் போனார்.

இருந்தாலும் லாட்டரி என்ற குற்றச்சாட்டு முழுதாக ஒட்டவில்லை. 2005 முதல் 2025 வரை நடந்த பதினொரு உலகக் கோப்பைகளை வென்றவர்களைப் பாருங்கள்: அரோனியன் இரண்டு முறை, காம்ஸ்கி, கெல்ஃபாண்ட், ஸ்விட்லர், கிராம்னிக், கர்யாகின், ரட்ஜபோவ், டூடா, கார்ல்சன், சிந்தாரோவ். பெயர் தெரியாத ஆள் ஒருவர்கூட இல்லை. குலுக்கல் என்றால் இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது யாரோ ஒருவர் நுழைந்திருக்க வேண்டாமா? வலுவானவர்களில் யார் என்பதைத்தான் அதிர்ஷ்டம் தீர்மானிக்கிறது. வலு இல்லாதவரை அது தூக்கிவிடுவதில்லை.

நாக் அவுட்டின் நியாயத்தை உள்ளே நடக்கும் சுற்றுகளில் தேடுவது தவறான இடத்தில் தேடுவதாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம். 206 நாற்காலிகளில் யாரை உட்காரவைப்பது என்ற கேள்விக்கு வரும் விடையில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

இதை ஆனந்தைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. 1997 டிசம்பரில் நெதர்லாந்தின் குரோனிங்கனில், பிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) உலகப் பட்டத்துக்காக நடந்த நாக் அவுட்டில் சுற்றுக்குச் சுற்று ஜெயித்து, மாதக் கடைசியில் மைக்கேல் ஆடம்ஸை இறுதியில் வீழ்த்தினார். 1998 ஜனவரி 2ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் லோசானில் அவர் எதிரே உட்கார்ந்தவர் அனடோலி கார்ப்போவ். நடப்புச் சாம்பியன் என்பதால் கார்ப்போவுக்கு ஒரு சுற்றுகூட ஆட வேண்டியிருக்கவில்லை. ஓய்வாக வந்து நேரே இறுதியில் அமர்ந்தார். ஆறு ஆட்டங்களில் 3–3. ரேபிட்டில் கார்ப்போவ் 2–0. காரணத்தை யாரும் ஆராயத் தேவையில்லை. இந்தச் சலுகையை எதிர்த்துத்தான் கிராம்னிக் அந்தப் போட்டிக்கே வரவில்லை. அடுத்த முறை, 1999இல் லாஸ் வேகாசில், சலுகை நீக்கப்பட்டது. கோபித்துக்கொண்டு கார்ப்போவ் வரவில்லை. 2000இல் நூறு பேரோடு புதுதில்லியில் தொடங்கி தெஹ்ரானில் முடிந்த நாக் அவுட்டில், நேரே இறுதிக்குப் போகும் தனி வாசல் யாருக்கும் இல்லாதபோது, ஆனந்த் ஷிரோவை 3.5–0.5 என்று வென்று பிடே உலகப் பட்டத்தைச் சூடினார். இரண்டுமே நாக் அவுட்தான். மாறியது வாசல் மட்டும்.

ஆனந்துக்கும் முந்திய கதை ஒன்று உண்டு. பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். உலகப் பட்டத்துக்கான தகுதிச்சுற்றுகள் அப்போது மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. 1961இல் மேற்காசிய மண்டலத்தில் மங்கோலியர் ஒருவரை வென்று, அடுத்து ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியையும் வென்று, 1962 ஸ்டாக்ஹோம் மண்டலங்களுக்கிடையிலான போட்டிக்குப் போனார். அங்கே கிடைத்தது 23ஆம் இடம், கடைசி இடம். ஆனால் முன்னணி வீரர்களான போர்டிஷையும் உல்மனையும் தோற்கடித்துவிட்டு வந்த கடைசி இடம்! மண்டல ஒதுக்கீடு இல்லாமல் தரப்புள்ளியை மட்டும் பார்த்திருந்தால் அவர் பெயர் பட்டியலிலேயே வந்திருக்காது. அவர் பின்னாளில் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகத்தை நடத்தினார்; ஆனந்த் சிறுவனாகப் போய் ஆடிய இடம் அது. நூறு பக்கம் வாதாடினாலும் கிடைக்காத சான்று இது. ஓர் ஒதுக்கீட்டின் பலன் அதைப் பெற்றவருடைய இடவரிசையில் தெரியாமல், அடுத்த தலைமுறையில் தெரிந்தது.

இன்றைய உலகக் கோப்பையில் அந்த மண்டல உணர்வு வேறு வடிவத்தில் இருக்கிறது. பாகு போட்டிக்கு, 2022 ஒலிம்பியாடின் பொதுப் பிரிவில் முதல் நூறு இடங்களைப் பிடித்த நாட்டுக் கூட்டமைப்புகளுக்குத் தலா ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டது. கண்டப் போட்டிகள், உலக ஜூனியர் பட்டம், முந்தைய உலகக் கோப்பை அரையிறுதி, தரப்புள்ளிப் பட்டியல் ஆகியவை மற்ற வாசல்கள். அந்த ஒலிம்பியாட் நடந்தது நம் மாமல்லபுரத்தில். போட்டிச் சின்னமான, வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரையின் படம் பஸ் நிலையமெல்லாம் தொங்கிய அந்த ஜூலை–ஆகஸ்டில், 188 அணிகள் பதக்கத்தோடு சேர்த்து பாகுவுக்கான இடத்துக்கும் ஆடிக்கொண்டிருந்தன என்பதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

நாட்டுக்கு ஒன்று என்ற இந்த விதி இந்தியருக்கு, குறிப்பாகத் தமிழருக்கு, நஷ்டம்போலத் தோன்றும். இந்தியாவில் எண்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். ஒரு சிறிய தீவு நாட்டின் சாம்பியன் நேராக உள்ளே வரும்போது, அவரைவிடப் பல மடங்கு வலுவான சென்னைக்காரர் ஆசியப் போட்டியில் முட்டி மோத வேண்டியிருக்கிறது. ஆனாலும் ஆரோனுக்குக் கிடைத்த நாற்காலியை இன்னொரு நாட்டின் ஆரோனுக்கு மறுப்பது சரியாகாது. பாகு காலிறுதியில் எட்டில் நால்வர் இந்தியர்; அடைபட்ட நாட்டின் நிலைமை இதுவாக இருக்காது.

உண்மையில் அடைபட்டிருக்கும் கதவு கீழே இருக்கிறது.

திருவண்ணாமலை–செஞ்சி சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் ஒரு பேரூராட்சி, தாலுகா தலைமையிடம். இப்படிப்பட்ட ஊரின் அரசுப் பள்ளி மாணவிக்குச் சதுரங்கம் அறிமுகமாகும் வழி பள்ளிக்கல்வித் துறையின் போட்டிகள்தான்: பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டம், பிறகு வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம். 2013இல் சென்னையில் ஆனந்த்–கார்ல்சன் போட்டி நடந்த காலத்தையொட்டிப் பள்ளிகளில் சதுரங்கத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. ஒலிம்பியாட் வருடத்தில் அது இன்னும் பரவியது. குறுவட்டப் போட்டி நடக்கும் விதம் ஊருக்கு ஊர் பெரிதாக மாறாது. ஏதாவது ஒரு மேல்நிலைப் பள்ளியின் வகுப்பறைகளில் பெஞ்சுகளை எதிரெதிரே போட்டு, சுருட்டி வைக்கும் ரெக்சின் அட்டைகளை விரிப்பார்கள். பி.டி. சார் விசில் அடிப்பார். பல இடங்களில் கடிகாரம் இருக்காது. ஆட்டம் நீண்டால் மிச்சமிருக்கும் காய்களை எண்ணி முடிவு சொல்லிவிடுவதும் உண்டு. வயதுப் பிரிவு பல, நாளோ ஒன்று. அதனால் ஒரு ஆட்டத்தில் தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போக வேண்டியதுதான்.

பாகுவில் தோற்பவருக்குக் குறைந்தது இரண்டு முழு ஆட்டங்கள் கிடைக்கும். முதல் சுற்றில் போனாலும் பரிசுத்தொகை உண்டு. பல வருடத் தரப்புள்ளியோடு வந்த மனிதர் அவர். ஒரு தோல்வி அவர் யார் என்பதை மாற்றாது. பதினொரு வயதுக் குழந்தையைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது. தெரியாத ஆளை ஒரே ஆட்டத்தில் கழித்துவிடுவது, விதைத்த மறுநாளே மணிலாக்கொட்டையைத் தோண்டிப் பார்ப்பது போலத்தான். தெரிந்தவர்களை வடிகட்ட நாக் அவுட் நல்ல கருவி. தெரியாதவர்களைக் கண்டுபிடிக்க அது உதவாது. அதற்கு எல்லாரும் எல்லாச் சுற்றிலும் ஆடும் சுவிஸ் முறை வேண்டும். நாம் பல இடங்களில் இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம்.

இன்னும் பெரிய சிக்கல், இந்த ஏணி எங்கும் போய்ச் சேருவதில்லை. பள்ளிப் போட்டியில் வென்றால் சான்றிதழும் கோப்பையும் வரும். பிடே ரேட்டிங், அதாவது தரப்புள்ளி, வராது. ரேட்டிங்குக்கான ஏணி வேறு: மாவட்டச் சதுரங்கக் கழகம், மாநிலத் தேர்வு, தேசியப் போட்டி, ஆசியப் போட்டி. இரண்டுக்கும் நடுவே படி இல்லை. ரேட்டிங் போட்டிகள் அடிக்கடி நடக்கும் சென்னைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து நான்கு மணி நேரத்துக்குக் குறையாத பஸ் பயணம். நுழைவுக் கட்டணம், தங்குமிடம், கூடவே ஒரு பெற்றோரின் கூலி நாட்கள். அதற்கு மேலே போனால் செலவு வேறு மாதிரி. குகேஷின் தந்தை, காது மூக்கு தொண்டை மருத்துவர், மகனோடு பயணம் செய்வதற்காகத் தன் தொழிலை நிறுத்தி வைத்தார். பிரக்ஞானந்தாவின் தாயார் போட்டிக்குப் போட்டி உடன் போனார். பாகு அரங்கின் ஓரத்தில் அவர் நின்ற படம் நாடெங்கும் சுற்றியது. நெகிழ்ந்து பார்த்தோம், சரி. அந்தப் படத்தை ஒரு செலவுக் கணக்காகவும் படிக்கலாம்.

திறமை இருந்தால் எங்கிருந்தாலும் வெளியே வரும் என்று ஒரு மறுப்பு வரும். ஈரோட்டு இனியன், காரைக்குடி பிரணேஷ், மதுரை அரவிந்த் சிதம்பரம் என்று சென்னைக்கு வெளியிலிருந்து வந்த பெயர்களை அடுக்குவார்கள். பெருமைக்குரிய பெயர்கள்தாம். ஆனால் அந்தப் பட்டியல் உள்ளே வந்தவர்களின் பட்டியல். வெளியே எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்பதை அது சொல்லாது.

வாசல் தானாகத் திறக்கும் என்று மேல்மட்டத்தில் யாரும் நம்புவதில்லை. 2023 கடைசியில் கேண்டிடேட்ஸ் இடத்துக்கான புள்ளிப் பட்டியலில் குகேஷ் அனிஷ் கிரிக்குப் பின்னால் இருந்தபோது, டிசம்பர் நடுவில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியை நடத்தியது. குகேஷ் வென்றார், புள்ளிகள் ஏறின, கேண்டிடேட்ஸுக்குப் போனார், மறுவருடம் டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியனானார். அவசரமாக ஏற்பாடு செய்த போட்டி என்று வெளிநாட்டில் முணுமுணுப்பு எழுந்தது. விதிக்கு உட்பட்டே நடந்ததால் அந்த முணுமுணுப்பில் பெரிய சாரமில்லை. தேவை என்று தோன்றினால் அரசால் சில நாட்களில் ஒரு வாசலைக் கட்டிவிட முடியும் என்பது மட்டும் அதில் தெளிவானது.

நாக் அவுட்டே வாசலாக மாறுவதும் உண்டு. 2025 ஜூலையில் பதூமியில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதியில் கோனேரு ஹம்பியை வென்ற திவ்யா தேஷ்முக், வழக்கமாக எட்ட வேண்டிய மூன்று தகுதி நார்ம்களுக்காக ஊர் ஊராக அலையாமலே அந்த வெற்றியால் நேரடியாகக் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஒரு பட்டம், பல வருடச் செலவைச் சுருக்கியது. இதே தர்க்கத்தைக் குறுவட்டத்துக்கும் கொண்டுவரலாம்: மாவட்டப் பள்ளிப் போட்டியில் முதல் சில இடங்களைப் பிடிப்பவர்களுக்கு, கட்டணமில்லாமல், ரேட்டிங் போட்டி ஒன்றில் இடம்.

இதில் ஒரு நடைமுறை முடிச்சு இருக்கிறது. முதல் ரேட்டிங் கிடைக்க, ஏற்கெனவே ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடாவது ஆடியிருக்க வேண்டும். அதில் அரைப்புள்ளியாவது எடுத்திருக்க வேண்டும். 2024 மார்ச்சில் அடித்தள அளவை 1000இலிருந்து 1400 ஆக பிடே உயர்த்திவிட்டதால் கதவு இன்னும் கனத்துவிட்டது. ரேட்டிங் இல்லாத குழந்தைகள் தங்களுக்குள் எத்தனை போட்டி ஆடினாலும் யாருக்கும் ரேட்டிங் வராது. ஆகவே கீழ்பென்னாத்தூர் மாணவியைச் சென்னைக்கு அனுப்புவதோடு, ரேட்டிங் உள்ளவர்களைத் திருவண்ணாமலைக்கு வரவழைப்பதும் வேண்டும்: உரிமம் பெற்ற ஆர்பிட்டர், போதுமான கடிகாரங்கள், வெளியூர்க்காரர்கள் வரும் அளவுக்குப் பரிசுத்தொகை, ஒரு நீண்ட வார இறுதி. கோயில் ஊராகையால் தங்கும் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. தேதியை மட்டும் பௌர்ணமியோடு மோதாமல் வைக்க வேண்டும். கிரிவல நாட்களில் ஒரு அறைகூடக் கிடைக்காது.