மையக் கோப்புச் சேமிப்பு

அலுவலக ஊழியர்கள் தத்தம் கணினியில் உருவாக்கும் கோப்புகளை உள்வலையமைப்பிலுள்ள பொதுச் சர்வர் ஒன்றில் சேமிக்கும் ஏற்பாடு. மேசைக்கு மேசை சிதறிக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்குகளைத் தனித்தனியே காப்புநகல் எடுப்பது நடக்கிற காரியமல்ல. ஓரிடத்தில் இருந்தால் இரவோடு இரவாக முடியும்.

1983இல் வந்த நோவெல் நெட்வேர், 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய என்எஃப்எஸ் ஆகியவை இம்முறைக்கு வழிவகுத்தன. கோப்புப் பகிர்வுக்கு விண்டோஸ் கணினிகள் எஸ்எம்பி நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் வெளியிட்ட, அதே நெறிமுறையில் இயங்கும் சாம்பா மென்பொருள் லினக்ஸ் சர்வரையும் விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்பு வழங்க வைத்தது. உரிமக் கட்டணம் இல்லாததால் சிறு அலுவலகங்களுக்கு இது பேருதவி.

விண்டோஸ் 2000இல் இடம்பெற்ற கோப்புறைத் திசைமாற்றம் தனியே குறிப்பிடத்தக்கது. ஊழியர் வழக்கம்போலத் தம் ஆவணக் கோப்புறையில்தான் சேமிக்கிறார். கோப்போ சர்வருக்குப் போய்விடுகிறது. சர்வருடன் இணைந்த 'எச்' டிரைவில் சேமிக்கவும் என்று சுற்றறிக்கை விடுவதைவிட இது பலன் தரும். சுற்றறிக்கைக்குப் பிறகும் பலர் டெஸ்க்டாப்பில்தான் வைப்பார்கள்.

சர்வரில் பல வட்டுகளை இணைத்து இயக்கும் ரெய்டு முறை, வட்டு ஒன்று பழுதானால் பொதுவாகத் தரவைக் காக்கும். தவறுதலாக அழித்த கோப்பை மீட்காது; எல்லா வட்டிலும் அது சேர்ந்தே அழியும். வலையமைப்பில் இணைந்த நகலுக்கும் ஆபத்து உண்டு: 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை தீநிரல் பரவியது எஸ்எம்பியின் பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான். ஆகவே ஒரு நகலாவது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, வேறு கட்டடத்தில் இருப்பது கட்டாயம். அதிலிருந்து அவ்வப்போது ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்க்கவும் வேண்டும்.