மீன்தொட்டிப் பாசி நீக்கும் கருவிகள்

மீன்தொட்டிக் கண்ணாடியின் உட்புறத்தில் படியும் பாசியை அகற்ற உதவும் பஞ்சு, பிளேடு, காந்தத் துடைப்பான் முதலியவை. எதை வாங்குவது என்பதைத் தொட்டிச் சுவரின் பொருளும் பாசியின் வகையும் தீர்மானிக்கின்றன.

புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் படலம் பெரும்பாலும் டயாட்டம்களால் ஆனது. பஞ்சால் துடைத்தாலே போய்விடும். பச்சைப் புள்ளிப் பாசி அவ்வளவு எளிதில் விடாது. அதற்கும், கடல்நீர்த் தொட்டிகளில் கால்சியம் கார்பனேட்டால் இறுகிப்போகும் ஊதாப் பாசிக்கும் பிளேடுதான் சரி. பிளேடைச் சாய்த்துப் பிடித்துத் தள்ள வேண்டும். மூலைகளிலுள்ள சிலிகோன் பசையில் பட்டு அது வெட்டுண்டால் தொட்டி ஒழுகும். சாதாரண எஃகு பிளேடு உப்புநீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அக்ரிலிக் தொட்டிக்கு உலோகமே ஆகாது. பழைய ஏடிஎம் அட்டை போதும்.

காந்தத் துடைப்பானால் கை நனையாமல் வேலை முடியும். கண்ணாடியின் தடிமனுக்கேற்ற வலு அதற்கு வேண்டும்: 6 மி.மீ. கண்ணாடிக்கானது 12 மி.மீ. சுவரில் பிடி நழுவி அடியில் விழுந்துவிடும். கீறல் விழுந்தால் பழி காந்தத்தின்மேல் போகிறது; உண்மைக் குற்றவாளி இடையில் சிக்கிய மணல். மணலிலுள்ள குவார்ட்சின் கடினம் மோஸ் அளவில் 7, கண்ணாடியினுடையது ஏறத்தாழ 5.5. ஆகவே அடிமணலுக்கு இரு விரற்கடை மேலேயே துடைப்பானை நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பிளேடால் முடிப்பது நல்லது.

சோப்புப் பட்ட பாத்திரப் பஞ்சு மீனுக்கு ஆபத்து. பாசி மேயும் நெரைட் நத்தையைச் சிலர் கருவிக்குப் பதிலாக விடுவார்கள். அது கண்ணாடியில் ஒட்டவைக்கும் வெள்ளை முட்டைகளைச் சுரண்டவும் பிளேடே தேவைப்படும்.