ஆகாயம் தெரியும் கூரை

என் தங்கையின் கணவர் போன வருஷம் ஒரு பெரிய கார் வாங்கினார். அது எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்பதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். தலைக்கு மேலே, முன் ஆசனத்திலிருந்து பின் ஆசனம் வரையில் முழுவதும் கண்ணாடிக் கூரை. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பாதி பின்னால் நகர்ந்து ஆகாயம் திறந்துகொள்ளும். கொடுத்த பணத்தில் ஒரு பாகம் காருக்கும் மறு பாகம் ஆகாயத்துக்கும் போயிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆகாயத்தை முழுக்க அனுபவித்தவன் என் மருமான். எட்டு வயது. கூரை திறந்ததும் ஆசனத்தின் மேல் ஏறி நின்று, இடுப்புக்கு மேற்பட்ட பாகத்தை வெளியே நீட்டி, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தலைவர்களைப் போலக் கை ஆட்டுவான். அவன் தாயார் கண்டிப்பாள். தகப்பனார் கண்டிக்கமாட்டார். நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

கிராமத்தில் ஒரு கல்யாணம். காரைத் தென்னமரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். பையன் தாகம் என்று இறங்கி உள்ளே வந்த ஐந்தாவது நிமிஷம், மரத்திலிருந்து ஒரு நெற்று விழுந்தது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கூரையில் கண்ணாடி இல்லை. அவன் நின்றிருந்த ஆசனத்தின் மேல் பொரியைக் கொட்டியது போலக் கண்ணாடிச் சிதறல் குவிந்து கிடந்தது. என் தங்கை அதைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

கூரையை மாற்றுவதற்காகப் பட்டறைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். புதுக் கண்ணாடியைப் பொருத்துவதைவிடப் பழைய கண்ணாடியை வெளியேற்றுவதே பெரிய வேலை என்பது அங்கேதான் தெரிந்தது. கூரை நகரும் தண்டவாளங்களிலும், மழைத் தண்ணீர் வடிவதற்காக மூலைகளில் வைத்திருக்கும் குழாய்களிலும் ஒரு துணுக்குத் தங்கினாலும் பிறகு தொந்தரவுதான். நகராத பின்பாதியைப் பசையால் ஒட்டுகிறார்கள். பசை இறுகும் வரையில் வண்டியை அசைக்கக் கூடாது. மேஸ்திரி விவரம் தெரிந்தவர். "இது சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்த கண்ணாடி, சார். மேல்தோல் இறுகியிருக்கும், உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் உடைந்தால் முழுதும் பொரியாகிவிடும். கூர்முனை இருக்காது, அதுதான் அதிலுள்ள நன்மை" என்றார்.

பையன் இதையெல்லாம் கவனமாகக் கேட்டுவிட்டு, "மாமா, புதுக் கண்ணாடி போட்ட பிறகு நான் நிற்கலாமா?" என்றான்.

"நீதான் கதை எழுதுகிறவனாயிற்றே, அண்ணா. அவனுக்குப் புரிகிற மாதிரி ஒரு கதை சொல்லேன்" என்று என் தங்கை அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினாள். நான் அவனுக்குச் சொன்னது கதையல்ல. மூன்று தடவை கூரை மாறிய ஒரு காரின் சரித்திரம் அது.

ஆகாயம் தெரியும் கூரை நம் காலத்துப் புதுமை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1954-லேயே அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார் ஸ்கைலைனர் என்று ஒரு காரை விற்றார்கள். முன் ஆசனத்துக்கு மேலே கால் அங்குலக் கனத்தில் பச்சைச் சாயம் கலந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு. பார்க்க அழகுதான், ஆனால் வெயில் காலத்தில் உள்ளே உட்கார்ந்தவர்கள் வெந்து போனார்கள். வெயிலைத் தடுக்க அந்தத் தகட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளத் திரை ஒன்றும் செய்யவேண்டி வந்தது. 1956-க்குப் பிறகு அந்தக் கூரை நின்று போயிற்று.

அதே 1954-ல் ஜனாதிபதி ஐஸன்ஹோவரின் லிங்கன் காருக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் கூரை ஒன்று வைத்தார்கள். அவர் ஆகாயத்தைப் பார்ப்பதற்காக அல்ல, மழை நாளிலும் ஜனங்கள் அவரைப் பார்ப்பதற்காக. ஓட்டுப் போட்டவர்களுக்கு முகத்தைக் காட்ட வேண்டியது குடியரசு நாட்டுத் தலைவனின் கடமைகளில் ஒன்று. நனையாமல் காட்ட வழி பிறந்தது.

1961 ஜூன் மாதம் ஜனாதிபதி கென்னடிக்குப் புதுக் கார் வந்தது. லிங்கன் காண்டினென்டல். ஸின்ஸினாட்டி நகரிலுள்ள ஹெஸ் அண்டு ஐஸன்ஹார்ட் என்ற பட்டறையார் அதை நடுவில் வெட்டிச் சுமார் 3½ அடி நீளமாக்கியிருந்தார்கள். அதைச் செய்து முடிக்கச் சுமார் 2 லட்சம் டாலர் செலவாயிற்றாம். ஃபோர்டு கம்பெனி சர்க்காருக்கு அதை வருஷம் 500 டாலர் வாடகைக்கு விட்டது! கரு நீல வர்ணம். ஜனங்களின் கண்ணுக்கு ஜனாதிபதி நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின் ஆசனமே பத்து அங்குலம் மேலே எழும்பும்படி செய்திருந்தார்கள். கூரை, ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் ஆனது. பல துண்டுகளாகக் கழற்றி வண்டியின் பின்பெட்டியில் அடுக்கிக்கொள்ளலாம். நீர்க்குமிழி போல இருந்ததால் குமிழிக் கூரை என்றே அதற்குப் பெயர்.

நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குமிழி மழையைத் தடுக்கும், காற்றைத் தடுக்கும். துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது. அதற்காக அதைச் செய்யவும் இல்லை.

1963 நவம்பர் 22. காலையில் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் தூறல். ஹோட்டலுக்கு எதிரே நனைந்துகொண்டு நின்ற கூட்டத்தின் முன்னே கென்னடி பேசினார். அங்கிருந்து டல்லஸ் நகரத்துக்கு விமானத்தில் கால் மணி நேரப் பிரயாணம்கூட இல்லை. கார் முன்னதாகவே சாமான் விமானத்தில் டல்லஸ் வந்து சேர்ந்திருந்தது. மழை இருந்தால் கூரை, இல்லையென்றால் வேண்டாம் என்பது ஏற்பாடு. ஜனாதிபதியின் விமானம் இறங்கியபோது வானம் வெளுத்து நல்ல வெயில். கூரையை மாட்டவில்லை.

வழி நெடுக ஜனங்கள். கென்னடிக்கு முன் ஆசனத்தில் டெக்ஸாஸ் கவர்னர் கானலியும் அவர் மனைவியும் இருந்தார்கள். டல்லஸுக்கு உங்கள் மேல் அன்பில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது என்ற பொருள்பட அந்த அம்மாள் திரும்பி ஜனாதிபதியிடம் சொன்னாள். பிற்பகல் 12-30க்குப் பள்ளிப் புத்தகக் கிடங்கு ஒன்றின் ஆறாவது தளத்திலிருந்து குண்டுகள் வந்தன. அதற்குப் பின் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

இதில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு சிறு விஷயம் உண்டு. சிதறிய குண்டின் துணுக்கு ஒன்று காரின் முன் கண்ணாடியில் உட்புறமாகப் பட்டது. கண்ணாடி நட்சத்திரம் போலக் கீறிற்று, துளை விழவில்லை. முன் கண்ணாடி என்பது நடுவில் மெல்லிய தாள் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. எத்வார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கு வழி கண்டவர். அவர் சித்திரக்காரர், ரசாயனமும் தெரிந்தவர். 1903-ல் அவர் கை தவறி விழுந்த குடுவை ஒன்று விரிசல் கண்டும் சிதறாமல் உருவத்தோடு நின்றது. உள்ளே முன்பு இருந்த திரவம் உலர்ந்து, கண்ணாடியோடு தோலைப் போல ஒட்டியிருந்தது. மோட்டார் விபத்துக்களில் கண்ணாடி கிழித்துக் காயமடைந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்தபோது அவருக்கு அந்தக் குடுவை ஞாபகம் வந்தது. 1909-ல் உரிமைப் பத்திரம் பெற்றார். உடைந்தாலும் கைவிடாத கண்ணாடி அது. அன்று அந்தக் காரில் அது முன்னால் இருந்தது. தலைக்கு மேலே எதுவும் இல்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். டிசம்பர் மாதமே காரைத் திரும்பப் பட்டறைக்கு எடுத்துப் போனார்கள். புதுக் கார் செய்ய அவகாசம் இல்லை. அதே வண்டிக்கு, கழற்றவே முடியாத நிலையான கூரை வைத்தார்கள். சுற்றிலும் குண்டு துளைக்காத கண்ணாடி. பெனடிக்டஸின் குடுவைத் தத்துவந்தான், ஆனால் பல அடுக்குகள், ஓர் அங்குலத்துக்குக் குறையாத கனம். வண்டியின் எடை 4 டன்னைத் தாண்டியது. அவ்வளவு கண்ணாடிக்குள் அடைபட்டால் புழுங்குமே என்று பின்பெட்டியில் இன்னொரு குளிர்சாதன யந்திரம். செலவு 5 லட்சம் டாலருக்கு மேல் என்கிறார்கள். 1964-ல் கார் வெள்ளை மாளிகைக்குத் திரும்பியது. பழைய நீலம் அந்தத் துயர நாளை நினைவூட்டியதால் புது ஜனாதிபதி ஜான்ஸன் அதற்குக் கறுப்பு வர்ணம் பூசச் செய்தார்.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். மனித சுபாவம் விடவில்லை. அசையாமல் வைத்த பின்கதவுக் கண்ணாடியை 1967-ல் இறக்கி ஏற்றும்படி மாற்றினார்கள். கையை வெளியே நீட்டாமல் ஜனங்களோடு எப்படிக் கைகுலுக்குவது? பிறகு நிக்ஸன் வந்தார். அவர் காலத்தில் கூரையிலிருந்த பெரிய கண்ணாடியை எடுத்துவிட்டுச் சிறிய கண்ணாடி ஒன்றும், பக்கத்தில் கீல் வைத்துத் திறக்கும் மூடி ஒன்றும் பொருத்தினார்கள். எதற்காக? ஊர்வலத்தில் ஜனாதிபதி எழுந்து நின்று, தலையையும் தோளையும் வெளியே நீட்டி, ஜனங்களுக்குக் கை ஆட்டுவதற்காக!

இந்த இடத்தில் பையன் சிரித்துவிட்டான். "என்னை மாதிரியா?" என்றான்.

"உன்னை மாதிரியேதான்" என்றேன்.

அந்தக் கார் 1977 வரையில் சேவையில் இருந்தது. இன்று மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் நகரில் ஹென்றி ஃபோர்டு காட்சிசாலையில் நிற்கிறது. படங்களில் கண்ட திறந்த நீலக் காரைத் தேடி வருகிறவர்கள் அங்கே மூடிய கறுப்புக் காரைக் காண்கிறார்கள். அன்று இல்லாமற்போன கூரை இன்று அதன் மேல் பத்திரமாக இருக்கிறது.

பையன் யோசித்தான். "அன்றைக்கு மழை பெய்து குமிழியை மாட்டியிருந்தால் பிழைத்திருப்பாரா, மாமா?"

குண்டைத் தடுக்கும் வல்லமை அந்தப் பிளாஸ்டிக்குக்கு இல்லை என்று சொன்னேன்.

"அப்படியானால் திறந்தால் என்ன, மூடினால் என்ன?"

குழந்தைகளின் தர்க்கத்துக்கு முன்னால் சரித்திரம் தடுமாறிப் போகிறது. சிறிது நேரம் கழித்துத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. ஜனாதிபதிகள் வெளியே தலை நீட்டியதற்காவது ஒரு நியாயம் இருந்தது. பார்க்க வேண்டுமென்று லட்சம் பேர் வெயிலில் நின்றார்கள். எங்கிருந்தோ வரும் குண்டை அவர்கள் அறியமாட்டார்கள். நமக்கு வரும் ஆபத்துக்களோ நமக்கு நன்றாகத் தெரிந்தவை. முன்னே போகும் லாரி சடக்கென்று நிற்கும். சாலையோரத்துக் கிளை தாழ்ந்திருக்கும். பட்டம் விடும் பிள்ளைகளின் மாஞ்சா நூல் கழுத்துயரத்தில் தொங்கும். இவற்றில் எதையும் எந்தக் கண்ணாடியாலும் தடுக்க முடியாது. ஏனென்றால் தலை இருப்பது கண்ணாடிக்கு வெளியே.

இதைப் பையனிடம் சொன்னேன். சொல்லும்போது அவன் தகப்பனாரையும் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மாற்றுகிறோம். இன்னும் கனமானது, இன்னும் விலை உயர்ந்தது என்று தேடித் தேடிப் போடுகிறோம். எழுந்து நிற்கும் பழக்கத்தை மாற்றுவது பட்டறையார் செய்யக்கூடிய காரியம் அல்ல. அதை அந்த வெள்ளை மாளிகைக் காரிலேயே செய்ய முடியவில்லை. சிரித்துக்கொண்டு பார்த்த எனக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சேர்த்தே சொன்னேன். மாப்பிள்ளை மேஸ்திரியிடம் ஏதோ கேட்பதற்காக அந்தப் பக்கம் போனார்.

ஒரு வாரத்தில் புதுக் கூரையோடு கார் வந்தது. செலவான தொகைக்கு ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். இப்போது பையன் பின் ஆசனத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தை அண்ணாந்து, கண்ணாடி வழியாக மேகம் பார்க்கிறான். அதுவும் காலையிலும் மாலையிலும்தான். சித்திரை வெயில் கொளுத்தும் நடுப்பகலில் அவன் தகப்பனார் கண்ணாடிக்கு அடியில் உள்ள திரையை முழுக்க இழுத்து மூடிவிடுகிறார்.

1954-ல் ஸ்கைலைனர் வாங்கியவர்களும் அதைத்தான் செய்தார்கள்.