அஞ்சடியில் நின்றபோது

பினாங்குத் தீவில், 1833-இல் எழுந்த குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் தரிசனம் முடித்து, ஜார்ஜ் டவுனின் ஓட்டு வீடுகளை வியந்துகொண்டே நடந்தேன். கீழே கடை, மேலே குடித்தனம். வாசலில் மழைக்கு ஒதுங்க ஒரு நடை. அவ்வூர்த் தமிழர் அதை 'அஞ்சடி' என்பார்கள்.

இவ்வழகைக் காத்தது கலையார்வமா? அதெல்லாமில்லை, வாடகைச் சட்டம்! 1966-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடவில்லை. இடித்துக் கட்டும் ஆசையும் எழவில்லை. 2000-இல் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஏழைக் குடித்தனங்கள் மூட்டை கட்டின. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் இடம்பெற்றது. 2010-இல் கலைவிழா பிறந்தது. வீடுகள் பிழைத்தன, மறுக்கவில்லை. ஆனால் பல, விடுதிகளாகப் பிழைத்தன.

ஆர்மேனியன் தெருச் சுவரில், 2012-இல் லிதுவேனிய ஓவியர் ஒருவர் தீட்டிய இரு குழந்தைகள் சைக்கிளில் போகிறார்கள். சைக்கிள் நிஜம், குழந்தைகள் வர்ணம். படம் எடுத்துக்கொள்ள நீண்ட வரிசை. வெட்கமில்லாமல் நானும் நின்றேன். என் முறை வருமட்டும், பள்ளி விட்டு வீடு திரும்பும் பிள்ளை ஒன்றைக்கூட அந்தத் தெருவில் காணவில்லை.