பட்டம் கொடுத்தவனே தகுதியில்லைங்கிறான்

என்னுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு எங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நடவுக்கும் களையெடுக்கவும் போய் என்னைப் படிக்கவைத்தவள். கடைசி வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், நல்ல ஆய்வு, புத்தகமாகக் கொண்டுவாங்க என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். டீ கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "இனிமே இங்கயே வேலதானப்பா உனக்கு?" நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

ஐந்து வருஷம் கழித்து அதே பல்கலைக்கழகம், அதே துறை. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய உதவிப் பேராசிரியர் இடம் ஒன்றுக்கு விளம்பரம் வந்தது. ஒன்பது பேர் போனோம். நான்கு பேர் அங்கேயே பட்டம் வாங்கியவர்கள். ஆளுக்கு ஏழெட்டு நிமிஷம் நேர்காணல். அன்றைக்குக் கைதட்டிய கைகளில் இரண்டு அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தன. மூன்று மாசம் கழித்து முடிவு தெரிந்தது: தகுதியானவர் யாரும் கிடைக்கவில்லை.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னேன். அவள் அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். "அவங்க குடுத்த பட்டந்தானே அது? அன்னிக்கிக் குடுத்தது பொய்யா, இன்னிக்கிச் சொல்றது பொய்யா?"

படித்தவன் என்கிற முறையில் நான் அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில். தாமதமாகத்தான் வருகிறது.

பட்டதாரிக்கு வேலை கிடைக்கவில்லையென்றால் பல்கலைக்கழகம் கையை விரித்துவிடுகிறது. நாங்கள் அறிவு கொடுக்கிறோம், வேலை கொடுப்பது அரசாங்கமும் கம்பெனியும் என்கிறது. கம்பெனி வேலையைப் பற்றி அப்படிச் சொன்னால் கொஞ்சம் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு வேலையைப் பற்றி அது அப்படிச் சொல்லவே முடியாது. அதுதான் பல்கலைக்கழக ஆசிரியர் வேலை. அந்த வேலைக்கான பட்டத்தைக் கொடுப்பதும் அதே நிறுவனம், ஆளை எடுப்பதும் அதே நிறுவனம். இங்கே பழியைப் போட வேறு ஆள் கிடையாது.

இந்தக் கதை இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போனார் அண்ணல் அம்பேத்கர். படிப்புக்குக் கொடுத்த உதவித்தொகைக்குப் பதிலாகச் சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். அங்கே கோப்பைக் கையில் கொடுக்கவும் பியூன் கூசினான், தூக்கிப் போட்டான். தங்க ஒரு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் துரத்தினார்கள். வேலையை விட்டுவிட்டுப் பம்பாய் திரும்பினார். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாதென்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். பானையில் தொடங்கிய அந்தப் பேச்சுதான் பிறகு நேர்காணல் மேசைக்கு வந்தது. கையில் இருக்கிற பட்டம் எதுவாக இருந்தாலும், உட்கார வருகிறவன் யார் என்றுதான் பார்க்கிறார்கள்.

இதை அனுபவித்த மனிதர் என்பதால்தான் படிப்பையும் வேலையையும் அம்பேத்கர் தனித்தனியாகக் கேட்கவில்லை. வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1942 அக்டோபரில் ஒரு கோரிக்கை மனு கொடுத்தார். அதில் வேலையில் பங்கும் இருந்தது, விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் படிக்க உதவித்தொகையும் இருந்தது. 1943இல் மத்திய அரசுப் பணிகளில் 8.33 சதவீத ஒதுக்கீடு வந்தது. 1944இல் மேல்படிப்பு உதவித்தொகை வந்தது. இன்றைக்கும் நம் பிள்ளைகள் கல்லூரி அலுவலகத்தில் வரிசையில் நின்று வாங்குகிற அந்த உதவித்தொகையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு கையில் படிப்பு, மறு கையில் வேலை. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றைப் பிடுங்கினால் கொடுத்ததும் வீண்தான்.

நம்ம பக்கம் வருவோம். எத்தனாவது இடம் யாருக்கு என்று எண்ணி வைக்கிற இனச்சுழற்சி முறையை சென்னை மாகாணம் ரொம்ப முன்னாலேயே கண்டது. 1927 வகுப்புவாரி ஆணையில் பன்னிரண்டு இடத்தை ஒரு சுற்றாக வைத்தார்கள். பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பார்ப்பனருக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து இரண்டு. நமக்கு ஒன்று. 1947இல் சுற்றைப் பதினான்காக்கினார்கள், நமக்கு இரண்டாயிற்று. பிறகு சதவீதக் கணக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டில் ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடிக்கு 1.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. சதவீதம் எவ்வளவு என்பது பாதிதான். எதை மொத்தமாக வைத்து எண்ணுகிறாய் என்பதுதான் மீதிப் பாதி. சில ஆண்டுகளுக்கு முன் நாடு முழுக்கக் கல்வி நிலையங்களில் நடந்த சண்டை இந்த மீதிப் பாதியைப் பற்றியது.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் எஸ்.சி.க்கு 15 சதவீதம், எஸ்.டி.க்கு 7.5, பிற்பட்டோருக்கு 27. 1995இல் சபர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலியாகும் இடத்தை வைத்து எண்ணாதே, பதவிகளை வைத்து எண்ணு என்றது. அதையொட்டி 1997 ஜூலையில் மத்திய அரசு 200 புள்ளி ரோஸ்டரைக் கொண்டுவந்தது. 2006இல் பல்கலைக்கழக மானியக் குழு, முழுப் பல்கலைக்கழகத்தையும் ஒரே அலகாக எடு என்று வழிகாட்டியது. கணக்கு நேராக இருந்தது: 200 இடமிருந்தால் எஸ்.சி. 30, எஸ்.டி. 15, பிற்பட்டோர் 54.

2017 ஏப்ரலில் பனாரஸ் இந்து பல்கலைக்கழக விளம்பரம் ஒன்றைப் பற்றிய வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் அலகல்ல, ஒவ்வொரு துறையும் தனி அலகு என்றது. 2018 மார்ச் 5இல் மானியக் குழு அப்படியே சுற்றறிக்கை விட்டது. சின்னத் துறைகளுக்குப் பதிமூன்று புள்ளி ரோஸ்டர். அதில் நாலாவது, எட்டாவது, பன்னிரண்டாவது இடம் பிற்பட்டோருக்கு. ஏழாவது இடம் எஸ்.சி.க்கு. எஸ்.டி.க்குப் பதினான்காவது ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இது என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பல்கலைக்கழகத்தில் நாற்பது துறை. துறைக்குப் பேராசிரியர் 2, இணைப் பேராசிரியர் 4, உதவிப் பேராசிரியர் 6. மொத்தம் 80, 160, 240. முழுசாக எண்ணினால் எஸ்.சி.க்கு 12, 24, 36 ஆக 72 இடம். துறைவாரியாக எண்ணினால்? எந்தத் துறையிலும் எந்தப் பதவியிலும் ஏழு இடம் இல்லை. ஆகவே நமக்கு முதல் சுற்றில் பூச்சியம். உதவிப் பேராசிரியரில் ஒருத்தர் ஓய்வு பெற்று ஏழாவது ஆள் வரும்போதுதான் நம் புள்ளி வரும். பேராசிரியர் பதவியில் ஐந்து பேர் அடுத்தடுத்து ஓய்வு பெற வேண்டும். அதற்குள் நம்ம பிள்ளைக்குப் பேரன் பிறந்துவிடுவான். சதவீதத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அரசியல் சட்டத்தைத் தொடவில்லை. 72 இடம் காணாமல் போய்விட்டது.

2019 ஜனவரி 22இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிப்ரவரியில் மறுசீராய்வு மனுவும் தள்ளுபடி. மார்ச் 5இல் பாரத் பந்த். தெருவுக்கு வந்தவர்களில் தற்காலிக ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் நிறையப் பேர். தேர்தல் நெருங்கிய நேரம். இரண்டே நாளில், மார்ச் 7இல் அவசரச் சட்டம் வந்தது. ஜூலையில் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. நிறுவனம் முழுவதும் ஒரே அலகு என்று அதில் எழுதியாயிற்று. தெருவில் நின்றதால் கிடைத்தது அது.

ஆனால் சட்டத்தின் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும். ஹோமி பாபா தேசிய நிறுவனம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் மாதிரியான சில இடங்களுக்கு விலக்கு. சிறுபான்மை நிறுவனங்களுக்கும் விலக்கு. 2020இல் ஐ.ஐ.டி.க்களுக்காக அமைத்த குழு, எங்களையும் அந்த விலக்குப் பட்டியலில் சேருங்கள் என்று அறிக்கை கொடுத்தது. 'சிறப்பு' என்கிற வார்த்தை வருகிற இடத்திலெல்லாம் நம்மை வெளியே நிற்கச் சொல்கிறார்கள்.

சரி, அலகுச் சண்டையில் ஜெயித்தோம். இடம் நிரம்பியதா? இடத்தை நிரந்தரமாக நிரப்பாமல் தற்காலிகமாக ஆளை வைத்துக்கொள்வது இவர்கள் கண்ட அடுத்த வழி. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 'அட்ஹாக்' ஆசிரியருக்கு நான்கு மாச வேலை. நடுவில் ஒரு நாள் இடைவெளி, திரும்ப நான்கு மாசம். அப்படியே பத்து வருஷம் பாடம் நடத்தியவர்கள் உண்டு. 2019 ஆகஸ்டில் இனி அட்ஹாக்கும் கிடையாது, விருந்தினர் ஆசிரியர்தான் என்று சுற்றறிக்கை வந்தது. டிசம்பரில் ஆயிரக்கணக்கானவர்கள் துணைவேந்தர் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள்.

தமிழ்நாட்டில் இதற்குக் 'கௌரவ விரிவுரையாளர்' என்று பெயர். பேரில் மட்டும் கௌரவம். அரசுக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மானியக் குழு 2019இல் மாசம் 50,000 வரை கொடுக்கலாம் என்றது. இங்கே அதில் பாதியைத் தொடவே பல வருஷம் ஆயிற்று. மே மாசம் சம்பளம் கிடையாது. பதினோரு மாசம் வாத்தியார், பன்னிரண்டாவது மாசம் யார்? நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஊரில் மாமன் மச்சான் "புரபசரு" என்று கூப்பிடும்போது கூசும்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் பேசியாக வேண்டும். எல்லா ஆசிரியர் சங்கமும் 'இருக்கிறவர்களை நிரந்தரமாக்கு' என்று கேட்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இனச்சுழற்சியைப் பார்க்காமல் முதல்வருக்கும் செயலாளருக்கும் தெரிந்தவர்களாகச் சேர்த்த இடத்தில், அப்படியே நிரந்தரமாக்கினால் என்ன ஆகும்? பின்வாசலில் நுழைந்தவனுக்கு முன்வாசலைத் திறந்துவிட்டதாக ஆகும். 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் முறையில்லாமல் சேர்த்தவர்களை நிரந்தரமாக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு உழைக்கிறவன் வயிற்றில் அடிக்கவும் பயன்பட்டது என்பது உண்மை. அதற்காக ஒதுக்கீட்டை மறந்துவிட்டு நிரந்தரம் கேட்க நம்மால் முடியாது. முதலில் புள்ளியைப் பார், அந்தப் புள்ளிக்குரிய தற்காலிக ஆசிரியருக்கு முன்னுரிமை கொடு என்றுதான் நாம் கேட்க வேண்டும். அதைச் சொன்னால் தோழர்களே நம்மைச் 'சாதிவாதி' என்கிறார்கள்.

நமக்குள்ளேயும் இதே நேர்மை வேண்டும். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது நம்மில் சிலர் முகம் சுளித்தார்கள். மொத்தமாக எண்ணினால் கடைசியில் நிற்கிறவன் காணாமல் போவான் என்பதைத்தான் அவர்கள் சொன்னார்கள். 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றமும் உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. கணக்கால் ஏமாந்தவன், அந்தக் கணக்கை வைத்து இன்னொருவனை ஏமாற்றக் கூடாது.

கடைசி ஆயுதம், எங்கம்மாவிடம் நான் சொல்லத் தயங்கிய அந்த வாக்கியம்: தகுதியானவர் கிடைக்கவில்லை. 2021 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் பின்னடைவுப் பணியிடங்களை நிரப்ப வேண்டுமென்று மத்திய கல்வி அமைச்சகம் சொன்னது. ஆனால் 2023 டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட வரைவில், ஆள் கிடைக்காவிட்டால் ஒதுக்கிய இடத்தைப் பொதுவாக மாற்ற வழி இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2024 ஜனவரியில், அப்படியெல்லாம் மாற்ற மாட்டோம் என்றார்கள். வாயால் சொன்னது சரி. ஆனால் 'கிடைக்கவில்லை' என்று எழுதுகிற பேனா இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

தகுதி பேசுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கட்டும். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்த விஷயம்: அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரியில் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். அதாவது வகுப்பில் ஆளே இல்லை, காகிதத்தில் ஆள் இருக்கிறார். நம்ம பிள்ளைகள் உதவித்தொகையும் கடனும் சேர்த்துக் கட்டிப் படித்தது இந்த மாதிரிக் கல்லூரிகளில்தான். வேலை கிடைக்காமல் திரும்பி வந்தபோது, அவனுக்கு இங்கிலீசு வரலை, திறமை இல்லை என்றார்கள். வாத்தியார் வந்தாரா என்று எவரும் கேட்கவில்லை. வெளியே முனைவர் பட்டத்தோடு ஆள் நிற்க, உள்ளே இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டினார்கள்.

கல்லூரிகளுக்குத் தரவரிசை போடும்போது, படித்து முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. நல்லது. அதோடு இதையும் சேர்க்கச் சொல்வோம். உன்னிடம் முனைவர் பட்டம் வாங்கிய தலித்துகள் எத்தனை பேர்? உன் நேர்காணலுக்கு அவர்களில் எத்தனை பேர் வந்தார்கள்? எத்தனை பேரைத் தகுதியில்லை என்றாய்? காரணத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, வெளியே ஒட்டு. தகுதியில்லை என்றால், அவருக்குப் பட்டம் கொடுத்த நெறியாளரும் தேர்வாளரும் துறையும் முதலில் பதில் சொல்லட்டும்.

அம்மா கேட்டதற்குப் பதில் இதுதான். அன்றைக்குக் கொடுத்தது பொய்யில்லை. எட்டு வருஷம் கண் எரியப் படித்தவன் நான், எனக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்வதுதான் பொய். அந்தப் பொய்யை எழுத்தில் கொடுக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன். நீங்களும் போடுங்கள்.