உள்ளகப் பயிற்சி

உள்ளகப் பயிற்சி என்பது கல்லூரி மாணவர் ஒருவர் தனது படிப்பு முடியும் முன்னரே ஒரு நிறுவனத்தில் குறிப்பிட்ட காலம் பணிபுரிந்து தன் துறையைக் கற்கும் முறை ஆகும். இது சில வாரங்கள் முதல் ஓராண்டு வரை நீளலாம். தொழிற்சாலையை ஒரு நாள் சுற்றிப் பார்த்து வருவதிலிருந்து இது வேறுபட்டது. இங்கு மாணவர் பார்வையாளர் அல்லர். பணி ஒன்றுக்குப் பொறுப்பேற்பவர்.

வரலாறு

படிப்பையும் பணியையும் மாறி மாறித் தரும் முறையை அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியலாளர் எர்மன் சினைடர் 1906 இல் 27 மாணவர்களுடன் தொடங்கினார். ஒரு பணியிடத்திற்கு இரு மாணவர்கள் இணைக்கப்பட்டனர். ஒருவர் தொழிற்சாலையில் இருக்கும் வாரத்தில் மற்றவர் வகுப்பில் இருப்பார். அடுத்த வாரம் இடம் மாறுவர். இதனால் நிறுவனத்தின் வேலை தடைப்படவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 இல் இத்தகைய முறையுடனேயே தொடங்கப்பட்டது. இந்தியாவில் பிலானி பிட்ஸ் நிறுவனம் 1973 இல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்ற திட்டத்தைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. கோயம்புத்தூர் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் 'சாண்ட்விச்' பொறியியல் படிப்புகளும் இவ்வகையைச் சேர்ந்தவை.

மாணவர் பெறும் பயன்

பாடநூல் கணக்கில் தேவையான தரவுகள் அனைத்தும் தரப்பட்டிருக்கும். பணியிடத்தில் அவற்றை மாணவரே தேட வேண்டும். எடுத்துக்காட்டாக, மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சி பெறுபவர் பிறர் எழுதிய நிரலைப் படித்து, ஏனைய பகுதிகள் பழுதாகாமல் ஒரு வழுவை நீக்க வேண்டியிருக்கும். தேர்வு மதிப்பெண் இத்திறனை அளப்பதில்லை. தேர்ந்தெடுத்த துறை தனக்கு ஏற்றதன்று என்பதை முன்கூட்டியே அறிவதும் ஒரு பயனே.

நிறுவனம் பெறும் பயன்

ஒரு மணி நேர நேர்முகத் தேர்வில் தெரியாத இயல்புகள் சில மாத வேலையில் தெரியவரும். இதற்கு நிறுவனம் தரும் விலை, வழிகாட்டும் பொறியியலாளரின் நேரமாகும். தொடக்க வாரங்களில் அவரே அவ்வேலையை விரைவாக முடித்துவிடக்கூடும். எனவே முடிந்தால் பயன் தருவதும், முடியாவிட்டால் நிறுவனத்தின் இயக்கத்தை முடக்காததுமான பணியே பயிற்சிக்கு ஏற்றது.

ஊதியம் பற்றிய சர்ச்சை

'பிளாக் சுவான்' திரைப்படத்தின் தயாரிப்பில் ஊதியமின்றிப் பணிபுரிந்த பயிற்சியாளர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். 2013 இல் அவர்களுக்குச் சார்பாக அமைந்த தீர்ப்பை 2015 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. பயிற்சியால் முதன்மையாகப் பயனடைபவர் மாணவரா, நிறுவனமா என்பதே அளவுகோல் என்று அது கூறியது. அந்நாட்டுத் தொழிலாளர் துறை 2018 இல் இவ்வளவுகோலை ஏற்றது. இந்தியாவில் 1961 ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் பழகுநர்களுக்கு உதவித்தொகை வழங்க வேண்டும் என்கிறது. 1973 இல் செய்யப்பட்ட திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் அதன் கீழ்க் கொண்டுவந்தது. எனினும் கல்லூரி மாணவரின் உள்ளகப் பயிற்சி யாவும் இச்சட்டத்துள் அடங்குவதில்லை.

ஊதியமற்ற பயிற்சியை ஏற்க, பெருநகரில் தங்கும் செலவைத் தாங்கும் குடும்பம் தேவை. அவ்வாறாயின் வாய்ப்பைத் தீர்மானிப்பது திறமையன்று, பணமே. இதில் வாய்ப்பிழந்த மாணவரோடு, திறமையானவரை இழந்த நிறுவனமும் நட்டமடைகிறது. மாணவரிடமே கட்டணம் பெற்றுச் சான்றிதழ் மட்டும் வழங்கும் பயிற்சிகளும் உண்டு. அவற்றில் பணியும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. எனவே பயிற்சியில் சேருமுன் என்ன பணி, யார் வழிகாட்டி, உதவித்தொகை எவ்வளவு ஆகிய மூன்றையும் கேட்டறிதல் நன்று.