தேசப்படத்தில் இல்லாத ஊர்

தேசப்படம் வரைதல் நெடுங்காலமாக அரசுகளின் கையிலேயே இருந்துவந்தது. வரியும் படைநடத்தலும் காணி அளவையும் அதனை வளர்த்தன. எனவே, அரசு காண விரும்பாதவை அதன் படங்களில் இடம்பெறாமற் போனமை வியப்பன்று. கெனியாவின் தலைநகரான நைரோபியிலுள்ள கிபேரா இதற்குத் தக்க சான்றாகும்.

பிரித்தானியப் படையிற் சேவைபுரிந்த நூபிய வீரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு குடியமர்ந்தனர். அவர்தம் மொழியில் இவ்வூர்ப்பெயர் காட்டினைக் குறிக்கும். பின்னர் வேலைதேடி வந்த வறியோர் பெருந்தொகையினராய் இங்கு நெருங்கி வாழ்ந்தபோதும், நிலம் அரசினுடையதென்றே கொள்ளப்பட்டது. பொதுவழக்கிலிருந்த படங்களிலோ கிபேரா வெற்றிடமாகவே கிடந்தது. சனத்தொகை பத்து இலட்சமெனப் பலரும் கூறிவர, 2009ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு அதனை ஏறத்தாழ 170,000 எனக் கணித்தது. வரையப்படாத ஊரைப் பற்றி எவரும் எதனையும் கூறலாம் போலும்!

2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ற் தொடக்கிய ஓப்பின் ஸ்றீற் மப் என்னும் இணையத் தேசப்படம், வரையும் உரிமையை யாவர்க்கும் திறந்துவிட்டது. அதன்வழி, 2009இன் பிற்பகுதியில் கிபேராவின் இளைஞர் பதின்மூவர் ஜி.பி.எஸ். கருவிகளுடன் ஒழுங்கைதோறும் நடந்து தம் ஊரைத் தாமே வரைந்தனர். இம்முயற்சியைத் தொடக்கிவைத்தோர் மிக்கேல் மரோன், எரிக்கா ஹேகன் என்னும் வெளியார் இருவரே என்பதை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் எதனைக் குறிப்பது என்பதில் ஊரவரின் அறிவே வழிகாட்டியது. குடிநீர்க் குழாய்கள், மலசலகூடங்கள், மருந்தகங்கள், அரசின் பதிவேட்டில் இல்லாத சிறு பாடசாலைகள் ஆகியன படத்தில் ஏறின. அச்சிட்ட படத்தின்மீது ஒளிபுகு தாளை விரித்து, தாம் அஞ்சும் இடங்களைச் சிறுமியர் குறித்துக் காட்டியமை தனியே நோக்கத்தக்கது. செய்மதி எத்துணை உயரத்தில் நின்று நோக்கினும் அவ்வச்சத்தைக் கண்டிராது.

2007 டிசெம்பர்த் தேர்தலை அடுத்தெழுந்த வன்செயல்களைப் பதிவுசெய்ய 2008இல் உருவானது உசாகிடி. சுவாகிலி மொழியில் சாட்சியம் என்பது அதன் பொருள். இம்மென்பொருளைக் கொண்டு கிபேரா மக்கள் தம் செய்திகளையும் நிகழ்விடத்தோடு சேர்த்து வெளியிட்டனர்.

ஆயினும் படம் காணியுறுதியாகிவிடவில்லை. 2018 யூலையில் நெடுஞ்சாலை ஒன்றுக்காகக் கிபேராவின் ஒரு பகுதி தரைமட்டமாக்கப்பட்டது. வீடுகளோடு பாடசாலைகளும் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 பேர் இடம்பெயர்ந்தனர்.